சட்டைப்பைச் சூடு

செவலை மாட்டை மலடு என்று யாராவது சொல்லிவிட்டால் ஈஸ்வரிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ! மூன்று தடவை சினை ஊசி போட்டும் மாட்டுக்குச் சினை நிற்கவில்லை. இருபத்தோரு நாளுக்கு ஒருதரம், நாள்காட்டி பார்த்தது மாதிரி, மறுபடி பருவத்துக்கு வந்து கத்தித் தீர்த்தது. அவள் புருஷன் துளசிராமன் ஆரணி புரோக்கரிடம் அடிமாட்டு விலையே பேசி முடித்துவிட்டான்.

"இன்னும் ஒரே வாட்டி. அதுவும் நிக்கலன்னா, அடுத்து கத்துற அன்னிக்கே வண்டி ஏத்திடுவேன். அப்புறம் நீ வாயே தொறக்கக் கூடாது" என்றான்.

"நிக்கும்" என்றாள் ஈஸ்வரி.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை அவள். தேர்வாய் கண்டிகையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் ஆறு வருஷமாக மெஷின் சூட்டைப் பார்க்கிற வேலை அவளுக்கு. ஐந்து டிகிரி ஏறினால் போதும், பெட்டி பெட்டியாக மூடி குப்பைக்குப் போகும். போன தடவை லீவு போட்டு வீட்டில் இருந்தபோதுதான் ஊசி போடுகிற லோகு எப்படி வருகிறான் என்று பார்த்தாள். பைக்கையும் அதில் கட்டிய நைட்ரஜன் கேனையும் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டு, உச்சி வெயிலில் வரப்பு மேல் கால்மணி நேரம் நடந்து வந்தான். வந்தவன் பேனா எடுப்பதுபோல் சட்டைப்பையிலிருந்து உறைவிந்துக் குச்சியை எடுத்தான்.

மறுநாளே அரசு கால்நடை டாக்டரிடம் போய் நின்றாள். கேனுக்குள் உறைந்து கிடக்கிறவரைதான் அதில் உள்ள உயிர் பத்திரம் என்றார் அவர். வெளியே எடுத்ததும் முப்பத்தேழு டிகிரி தண்ணீரில் முப்பது செகண்ட் வைத்து, துடைத்து, கையோடு போட்டுவிட வேண்டும். பையில் அரைகுறையாக உருகி வெயிலில் வெந்தால் பெரும்பாலும் செத்துப்போகும். "உன் மாட்டுல ஒரு குறையும் இல்லம்மா" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஈஸ்வரி வேலியோரம் போய் நின்றாள். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியின் மாட்டுக்கும் ஊசி போட்டவன் இதே லோகுதான். நாலு தடவை நிற்கவில்லை, மலடு என்று பொங்கல் கழிந்ததும் அதை வண்டி ஏற்றினார்கள். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கிற வழக்கம் இங்கே இல்லை. அந்தக் கயிறு இன்னும் மேரியின் கொட்டகைக் கம்பத்தில்தான் தொங்குகிறது.

நாலாவது தடவை செவலை விடியற்காலையில் கத்தியது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலிருந்து லோகு போன் செய்தான்.

"லோகு, குச்சிய எடுக்காத. கேனையே தூக்கிகினு வா."

"இன்னாக்கா வெளயாடுறியா? வரப்புல வழுக்கி உழுந்தா மொத்த சரக்கும் பூடும். பத்து வருஷமா போடறேன், எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? இஷ்டம் இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோ."

வேறு ஆள் இருந்தால்தானே! அரசு ஆஸ்பத்திரியும் இந்நேரம் மூடியிருக்கும். ஈஸ்வரி ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். கேன் மாட்டிடம் வராது என்றால் மாடு கேனிடம் போகட்டுமே. பிளாஸ்கில் வெந்நீர், தூக்குவாளியில் பச்சைத் தண்ணீர், கும்மிடிப்பூண்டியில் வாங்கி வைத்திருந்த தெர்மாமீட்டர். மாட்டை அவிழ்த்தாள்.

"நடுரோட்லயா?" துளசிராமன் அலறினான். "கம்பெனி பஸ் வர்ற நேரம்டி, மானம் போவுது!"

"வெக்கமா இருந்தா கண்ண மூடிக்கோ. வால மட்டும் கெட்டியா புடி."

பஸ் ஸ்டாப் தூணில் செவலையைக் கட்டியபோது சரியாகக் கம்பெனி பஸ்ஸும் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லோகுவின் முகம் சுருங்கிப் போனது. ஈஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. பிளாஸ்கில் விட்ட தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது. பச்சைத் தண்ணீர் விட்டாள். நாற்பது. இன்னும் கொஞ்சம். முப்பத்தேழு.

"இப்ப எடு."

குச்சி கேனிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் போனது. ஈஸ்வரி சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்தைத் தாண்டியதும் பஸ் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முப்பது வந்ததும் லோகு குச்சியைத் துடைத்து, நுனியை வெட்டி, சினை ஊசித் துப்பாக்கியில் மாட்டி, வேலையை முடித்தான்.

இருபத்தோராம் நாள் ஈஸ்வரி ஷிப்டுக்குப் போகவில்லை. செவலை வைக்கோலைத் தின்றது, படுத்தது, அசைபோட்டது. கத்தவே இல்லை. துளசிராமன் பத்து தடவை கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்று மாசம் கழித்து டாக்டர் வீட்டுக்கே வந்து கையை விட்டுப் பார்த்தார். பார்க்க வேண்டும் என்று லோகுவும் வந்திருந்தான். "சினைதான்" என்றார் டாக்டர். ஈஸ்வரி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். துளசிராமன் புரோக்கருக்குப் போன் போட வெளியே போனான்.

லோகு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றான். அவன் கண் வேலிக்கு அந்தப் பக்கம் தொங்கிய கயிற்றின் மேல் இருந்தது.

"அக்கா, மேரியக்கா மாடு..." என்றான்.

ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவங்க உள்ளதான் இருக்காங்க. போய் நீயே சொல்லு."

லோகு செருப்பைக் கழற்றி வேலியோரம் விட்டுவிட்டு மேரியின் வாசலுக்குப் போனான்.