நாலு மணி அம்மோனியா

என் லேசர் எள்ளளவுதான் இருக்கும். எள்ளை நசுக்கி இரண்டாக்கினால் அதில் ஒரு பாதி என்று சொன்னாலும் பொய்யில்லை. குறைகடத்திப் படிகம். அரை டிகிரி சூடு கூடினால் வேறு நிறத்தில் ஒளிரத் தொடங்கிவிடும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத நிறம். ஆகையால் அது கோபித்துக்கொண்டதே நமக்குத் தெரியாது. மூராசாரி ஊரின் காப்பிக் கடையில் இதைப் பற்றி நான் அளந்து விட்டவை பல. ஒரு கடற்காகம் கதிரின் குறுக்கே பறந்து மறுபக்கம் வந்தபோது அதன் இறகெல்லாம் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது என்றேன். நம்பினார்கள். ஊர்த்தலைவர் பாக் குவுவின் தலையைக் கதிர் ஒருமுறை தொட்டுவிட்டதாகவும், உள்ளே எந்த வாயுவும் இல்லை, வெற்றிடம் என்று கருவி காட்டியதாகவும் சொன்னேன். அதை இன்னும் சுலபமாக நம்பினார்கள்.

இப்போது சொல்லப்போவதில் கூட்டிச் சொல்ல எதுவுமில்லை. குறைத்துச் சொல்லத்தான் பலமுறை முயன்றிருக்கிறேன்.

நான் பாண்டுங்காரன். அங்கே பல்கலைக்கழகத்தின் ஒளியியல் பட்டறையில் முப்பத்துநான்கு வருடம் லென்சும் கண்ணாடியும் தேய்த்தவன். லென்சை விரலால் தொட்ட மாணவனை அன்றைக்கு முழுவதும் பட்டறைக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் விதூரி என்னைக் கூப்பிட்டு, கடற்கரையில் ஒரு கருவியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மனைவி போனபின் வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை. வந்துவிட்டேன்.

விவகாரம் இதுதான். மூராசாரியில் இபு தார்சினா என்ற விதவை தெராசி செய்துகொண்டிருந்தாள். இங்கே இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா. சென்னாக்கூனியை உப்பிட்டுப் புளிக்கவைத்து, இடித்து, பாயில் பரப்பி வெயிலில் காயவைத்துக் கட்டியாக்குவது. அது இல்லாமல் இந்தத் தீவில் சம்பல் இல்லை, சம்பல் இல்லாமல் சோறு இல்லை. ஆனால் அவள் களத்துக்குப் பக்கத்தில் புதிய குடியிருப்பு ஒன்று வந்தது. அங்கே வந்தவர்களுக்கு தெராசி தட்டில் வேண்டும், காற்றில் வேண்டாம். கண் எரிகிறது, குழந்தைகளுக்கு மூச்சு முட்டுகிறது என்று மனு கொடுத்தார்கள். பாக் குவு பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். காற்றில் அம்மோனியா எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். வரம்புக்கு மேல் போனால் களத்தை மூடிவிடலாம், போகாவிட்டால் மனுவை மூடிவிடலாம்.

பழைய ஐஸ் கிடங்கின் மொட்டை மாடியில் லேசரை வைத்தோம். கதிர் தார்சினாவின் களத்துக்கு மேலே போய், அந்தப் பக்கத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் இருந்த எதிரொளிப்புக் கண்ணாடியில் பட்டு, வந்த வழியே திரும்பும். போக நானூறு மீட்டர், வர நானூறு. வழியில் அம்மோனியா இருந்தால் அந்த நிறத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று கருவி கணக்குப் போடும். ஆனால் எந்த இடத்தில் விழுங்கியது என்று அதற்குத் தெரியாது. எண்ணூறு மீட்டருக்கும் சமமாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஓர் எண்ணைத் தரும். இதை நான் நூறு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கடற்காற்றில் உப்பு. ஒரே நாளில் கருவிக் கூண்டின் ஜன்னல் கண்ணாடி மங்கிவிடும். அதனால் தினமும் நாலு மணிக்கு, அஸர் தொழுகைக்குப் போகுமுன், கருவியின் கூண்டைத் திறந்து கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டு மூடுவேன். அதற்கென்று சுத்தமான ஆல்கஹால் ஒரு புட்டி அனுப்பியிருந்தார்கள். என் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், காப்பிக்கடைக்காரனின் ரேடியோ என்று எல்லாவற்றையும் அதில் துடைத்ததில் மூன்றாம் மாதமே தீர்ந்துவிட்டது. இன்னொரு புட்டி வேண்டுமானால் ஏன் தீர்ந்தது என்று எழுத வேண்டும். எழுதவில்லை. சந்தைக் கடையில் ஜன்னல் துடைக்கிற நீல மருந்து ஒன்று வாங்கிவந்தேன். குறிப்பேட்டில் மட்டும் எப்போதும்போல் எழுதினேன்: கண்ணாடி துடைக்கப்பட்டது.

அந்த வாரத்திலிருந்து அம்மோனியா ஏறியது.

தினமும் நாலே கால் மணிக்குக் கருவித் திரையில் கோடு செங்குத்தாக எழும். ஐந்து மணிவரை மெல்ல இறங்கும். அந்த நேரத்தில்தான் கடற்காற்றும் திரும்பும், தெராசி வாசமும் மாடிக்கு வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாண்டுங்குக்குப் போன் போட்டேன்.

"இபு டாக்டர், பிடிச்சுட்டேன். நாலு மணிக்குக் கெழவி பாயைப் பொரட்டுறா, ஒடனே ஏறுது. கடிகாரம் வச்ச மாதிரி."

"நெசமாவா பாக் ஓயோன்? இல்ல இதுவும் உங்க கடற்காகம் மாதிரியா?"

"கோடு பொய் சொல்லுமா?"

கோடு பொய் சொல்லவில்லைதான்.

காப்பிக் கடையில் நான் பெரிய மனிதன் ஆனேன். புதுக் குடியிருப்புச் சங்கத்தலைவர் பாக் ஹெரியன்டோ என் காப்பிக்குத் தானே காசு கொடுத்தார். இரண்டு மாதம் போனது. அறிக்கை எழுதும் நேரத்தில் டாக்டர் விதூரி மறுபடி கூப்பிட்டார்.

"பாக், ஒரு சந்தேகம். வெள்ளிக்கெழம மட்டும் ஏன் பதினோரு மணிக்கே ஏறுது? ஒம்பது வெள்ளிக்கெழமையும் அப்படித்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக வேண்டும். அன்றைக்கு மட்டும் பதினோரு மணிக்கே கண்ணாடியைத் துடைத்துவிடுவேன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே மேஜைமேல் இருந்த நீலப் புட்டியைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. அம்மோனியா கலந்தது, பளிச்சிடும் என்று போட்டிருந்தது. கூண்டுக்குள் தெளித்து மூடிய ஆவி, கதிரின் வழியில் ஒரு சாண் நீளத்துக்கு நின்றிருக்கிறது. கருவி அதை எண்ணூறு மீட்டருக்கும் பரப்பி, தார்சினாவின் தலையில் ஊற்றியிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் முப்பத்துநான்கு வருடம் மாணவர்களை வெளியே நிற்க வைத்தவன், சந்தையில் வாங்கிய ஜன்னல் மருந்தை லேசர் கூண்டுக்குள் அடித்தேன் என்று எப்படிச் சொல்வது? என் நாக்கு பழகிய பாதையிலேயே போனது.

"வெள்ளிக்கெழம அவ சீக்கிரமே பொரட்டிடுவா, இபு டாக்டர். ஜும்மா நாள் இல்லையா. பதினோரு மணிக்கே முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவா. நானே மாடிலேர்ந்து பாக்குறேனே."

"அப்போ சரி. ரொம்ப நல்ல கவனிப்பு, பாக். இதையும் அறிக்கையில போட்டுடறேன்."

மறுநாள் வெறும் தண்ணீரால் துடைத்தேன். நாலே கால் மணிக்குக் கோடு அசையவில்லை. அதற்கடுத்த நாளும் தண்ணீர், கோடு தூங்கியது. அந்த நேரத்தில் களத்திலிருந்து வந்த வாடையில் எனக்கே கண்ணில் நீர் வந்தது, கோடு மட்டும் வரம்புக்கு வெகு கீழே கிடந்தது. நாறியது, அவ்வளவுதான். நாறுவதற்கு வரம்பு இல்லை.

அறிக்கையை வைத்து ஊர் விசாரணை நடக்க ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சந்தைத் தெருவில் தார்சினா எதிரே வந்தாள். தலையில் கூடை, முழங்கைவரை உப்பு.

"பாக் ஓயோன், உங்க மிஷின் என்னைப் பத்தி என்ன சொல்லுது?"

"அது எங்கிட்டப் பேசாது, இபு. நேரா பாண்டுங்குக்குத்தான் எழுதும்."

"படிச்ச மிஷின்," என்றாள். "நல்லதா எழுதச் சொல்லுங்க. இந்தக் களத்தை விட்டா எனக்கு வேற கதியில்ல." சொல்லிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு கட்டி தெராசியை எடுத்து இலையில் சுற்றி என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூடத் துப்பில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஊர் மண்டபத்தில் கூட்டம். டாக்டர் விதூரி பாண்டுங்கிலிருந்து வந்திருந்தார். பாக் குவு அறிக்கையை எழுந்து நின்று படித்தார். தலைக்குமேல் மின்விசிறி, கீழே ஊர். எண்கள் வந்தபோது யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த வரி வந்தது.

"வெள்ளிக்கிழமைகளில் தெராசி புரட்டும் பணி முற்பகல் பதினோரு மணிக்கே நடைபெறுவதால், அம்மோனியாவும் அந்நேரத்திலேயே..."

பாக் குவு படிப்பதை நிறுத்திவிட்டார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். தார்சினா எழுந்தாள். கோபம் இல்லை, கணக்கு சரிவராத ஆள்போலப் பார்த்தாள்.

"பாக் குவு, அது என்ன வெள்ளிக்கெழம?"

"இங்க அப்படித்தான் எழுதியிருக்கு, இபு."

"நான் வெள்ளிக்கெழம களத்துல காலே வைக்கிறதில்ல. அவரு படகோட போனது ஒரு வெள்ளிக்கெழம. பத்தொம்பது வருசமா அன்னிக்குப் பாயைச் சுருட்டிக் கட்டித்தான் வச்சிருப்பேன். இந்த ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"தெரியும், தெரியும்," என்று பின்வரிசை சொன்னது.

டாக்டர் விதூரி என்னைப் பார்த்தார். அப்படியே வரிசை வரிசையாக எல்லாத் தலையும் திரும்பியது. இன்னொரு கதை என் வாய்க்குள் தயாராகவே இருந்தது. வேறு யாரோ வந்து புரட்டினார்கள், முக்காடு போட்ட பெண், தூரத்திலிருந்து அடையாளம் தெரியவில்லை. நல்ல கதைதான். எழுந்தேன்.

"யாரும் பொரட்டல. நான் கண்ணாடி தொடச்சேன்."

நீல மருந்தைப் பற்றிச் சொன்னேன். ஆல்கஹால் தீர்ந்ததையும் ரேடியோ துடைத்ததையும் சொன்னேன். ஒன்பது நாள் தெரிந்தே சும்மா இருந்ததையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மண்டபம் சிரித்தது. மீனவர்கள் தொடைமேல் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"பாக் ஓயோன், இது கடற்காகத்தை விடப் பிரமாதம்!"

"கெழவி சம்பல் பண்ணுன வேலடா! மனுசன் எப்படி உருகுறாரு பாரு!"

பாக் ஹெரியன்டோ மட்டும் சிரிக்கவில்லை. "எழுத்து மூலமா அறிக்கை இருக்கு. ஒரு பெரியவர் எரக்கப்பட்டு எதையாவது சொல்றாருன்னு அதை விட்டுட முடியுமா?"

எழுபது வயதில் முதல்முறையாக ஊர்க்கூட்டத்தில் உண்மை பேசினேன். ஒருவர்கூட நம்பவில்லை. அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

டாக்டர் விதூரிதான் எழுந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "மாடிக்குப் போலாம்," என்றார்.

ஏறக்கூடியவர்களெல்லாம் ஐஸ் கிடங்கின் மாடிக்கு ஏறினார்கள். காலை பத்து மணி, காற்று எதிர்ப்பக்கம், தெராசி வாடையே இல்லை. கோடு தரையில் கிடந்தது. டாக்டர் விதூரி என் கையில் நீலப் புட்டியைக் கொடுத்தார். "தெனமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க, பாக்." என் பட்டறைக்கு ஒரு காலத்தில் வந்த பெண். அவரையும் ஒருநாள் வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

கூண்டைத் திறந்தேன். தெளித்தேன். துடைத்தேன். மூடினேன். சுற்றி நாற்பது பேர். கோடு எழுந்தது, அறிக்கையில் இருந்த உயரத்தைத் தாண்டியும் எழுந்தது. அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாக அடித்துவிட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கேலி செய்தாலாவது பரவாயில்லை என்று நின்றேன். மீனவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். பாக் ஹெரியன்டோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். பாக் குவு அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "களம் இருக்கட்டும், இபு," என்றார்.

"களம் இருக்கும், பாக் குவு. ஆளுதான் இல்ல. சிரெபோன் வியாபாரி ரெண்டு மாசமா எங்கிட்டச் சரக்கு எடுக்கிறதில்ல. மூடப்போற களம்னு யாரோ காப்பிக் கடையில சொன்னாங்களாம்."

அந்த யாரோவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் விதூரி குறிப்பேட்டை என்முன் வைத்தார். நீல மருந்து வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, என் கையெழுத்தில், இந்த அளவீடு தள்ளுபடி, காரணம் நான் என்று எழுதச் சொன்னார். அறுபத்தொரு நாள். உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். அவரும் இறங்கிப் போனார்.

தார்சினா மட்டும் போகவில்லை. கைப்பிடிச் சுவரோரமாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் நான் அந்தப் பக்கம் போய் நின்றதேயில்லை. என் பார்வையெல்லாம் நேர் எதிரே கோபுரத்துக் கண்ணாடியில்தான். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். களம் முழுக்கத் தெரிந்தது. காயப்போட்ட பாய்கள் மூன்று, சுருட்டிக் கட்டிச் சுவரில் சாய்த்தவை பதினொன்று, உரல், அதன்மேல் காக்காய்.

"இங்கேர்ந்து இவ்வளவு நல்லாத் தெரியுதே, பாக்," என்றாள்.

"தெரியுது, இபு."

"வெள்ளிக்கெழம ஒருநாள் எட்டிப் பாத்திருந்தா போதுமே."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நான் திரும்பி வந்து குறிப்பேட்டின் முன் உட்கார்ந்தேன். ஏழாம் நாள். காரணம், நான்.