கேன்டீன் தரையில் தாயக்கட்டம்

1

இந்தக் கதை ஒரு தரையிலிருந்து கிடைத்தது. நாமக்கல்லுக்கு மேற்கே, மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். எழுத ஒரு மேசை வேண்டுமென்று போயிருந்தேன். மேசையை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். கேன்டீன் தரையில் மஞ்சள் பெயிண்டில் போட்ட பெரிய தாயக்கட்டம் ஒன்று பாதி தேய்ந்து கிடந்தது.

"இதுலதானுங்க பொம்பளைங்களுக்கு வேல பழக்குனாங்க" என்றார் வாட்ச்மேன். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மீதியெல்லாம் என் சரக்கு. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1982ஆம் ஆண்டு ஜூன் மாதம், பயிற்சி சூப்பர்வைசர் ஞானதாஸ் என்பவர்…"

(போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கியது போல இருக்கிறது.)

"ஆலைச் சங்கு ஊதியது. காகங்கள் படபடவென்று…"

(காகம் வந்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஞானதாஸ் களைத்துப் போயிருந்தார்.

அவர் சேலத்துக்காரர். ரீலிங் பிரிவில், கதிரில் இருக்கும் நூலைச் சிட்டமாகச் சுற்றும் பெண்களுக்கு வேலை பழக்குவது அவர் பொறுப்பு. வருகிறவர்கள் எல்லாம் பதிலிகள். காலையில் கேட்டில் நிற்பார்கள். ஆள் குறைந்தால் உள்ளே கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். மத்தியானத்துக்குள் அறுந்த இழை அறுந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து சொல்லுவார். சொன்னதையே சொல்லிச் சொல்லி அவருக்குத் தன் குரலே பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து, மனைவி அன்னாளோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிற அன்னாள், அவருடைய காய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை மட்டும் மறக்கவில்லை.

"ஏமாத்தாதீங்க. அது இங்க இருந்துச்சு" என்றாள்.

ஞானதாஸ் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது.

3

மறுவாரம் கேன்டீன் தரையில் கட்டம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு காய். கட்டை உருட்டி எந்தக் கட்டத்தில் காய் வைக்கிறார்களோ, அந்தக் கட்டத்து வேலையைப் பக்கத்தில் இருக்கும் பழைய மெஷினில் செய்து காட்ட வேண்டும். ஒன்றில் அறுந்த இழையைச் சேர்க்க வேண்டும். இன்னொன்றில் நூல் நம்பர் மாறிய கதிரைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் செய்தால் காய் பின்னால் போகும்.

(நானும் இதை அட்டையில் வரைந்து ஆடிப் பார்த்தேன். என் மனைவி நூல் முடிச்சுப் போடாமலே ஜெயித்துவிட்டாள்.)

பயிற்சிக்காக எல்லா விதியையும் மாற்றிய ஞானதாஸ் ஒன்றை மட்டும் தொடவில்லை. எதிராளி காயை ஒரு முறையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போகக்கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் ஆடியிருக்கிறார். சுவருக்குக் கதவு இருப்பது போல, தாயத்துக்கு வெட்டு. அதை எடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், மூன்றாவது வரைவு வரைக்கும் எனக்கும் தோன்றவில்லை.

4

பெண்கள் மளமளவென்று தேறினார்கள். கழிவு நூல் குறைந்தது. ஞானதாஸுக்குத் தன் குரல் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கியது. அதோடு நிறுத்தியிருந்தால் அது சந்தோஷமான கதை. ஆனால் மானேஜர் அர்த்தநாரி கேன்டீனுக்கு டீ குடிக்க வந்துவிட்டார்.

"ஏப்பா ஞானதாஸு, இத்தன நாளும் ஆரப் பர்மனென்ட் பண்றதுன்னு மண்டையப் பிச்சுக்கிட்டு இருந்தேன். வேல ஒண்ணு காலியா இருக்குது. ஆட்டத்துல மொதல்ல உள்ள போறவளுக்குக் குடுத்துருவோம்."

"சார், இது பழக்கறதுக்காகப் பண்ணது…"

"நல்லாப் பழகுனவதான உள்ள போவா?"

(நான் எழுதிக் கொடுத்த நீளமான பதிலை ஞானதாஸ் பேச மறுத்துவிட்டார். அடித்துவிட்டேன்.)

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இருவரும் ஜேடர்பாளையத்துப் பக்கம். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே தூக்குப்போசியில் சாப்பிடுகிறவர்கள். மயிலம்மாள் மூத்தவள், அவள் புருஷன் லாரி பாடி கட்டும் பட்டறையில் கால் நசுங்கி வீட்டில் கிடந்தான். சாரதாமணியின் புருஷன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், போனவன்தான். கேட்டில் திருப்பி அனுப்பாத ஒரு வேலை இருவருக்குமே வேண்டும். இதில் யார் பாவம் அதிகம் என்று நிறுத்துப் பார்க்க உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

5

ஆட்டம் மத்தியானம் தொடங்கியது. இருவரும் எந்த வேலையிலும் தப்புச் செய்யவில்லை. ஒருத்தி காய் மேல் இன்னொருத்தி காய் விழவும் இல்லை. வெட்டு விழாததால் யாரும் உள்ளே போக முடியாமல் வெளிக்கட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அர்த்தநாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஷிப்டு முடியப் போகுது. மொதல்ல வெட்டறவ பர்மனென்டு. அவ்வளவுதான்."

மயிலம்மாள் உருட்டினாள். நாலு விழுந்தது. சரியாக நாலாவது கட்டத்தில் சாரதாமணியின் காய் இருந்தது.

மயிலம்மாள் காயை எடுத்தாள். "ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு." மூணு சொல்லும்போது காய் இரண்டு கட்டம் தாண்டியது. சாரதாமணியின் காய்க்கு அடுத்த கட்டத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அர்த்தநாரி கவனிக்கவில்லை. ஞானதாஸ் கவனித்தார். சாரதாமணிக்கும் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க்கா…" என்றாள் மெதுவாக.

"உருட்டு புள்ள" என்றாள் மயிலம்மாள்.

எண்ணியது தப்பென்று யாராவது வாயைத் திறந்துவிடுவார்களோ என்ற பயத்தில் சாரதாமணி அவசரமாக உருட்டினாள். தாயம் விழுந்தது. ஒன்று. மற்ற நாளாக இருந்தால் தாயத்துக்குக் கேன்டீனே கூச்சல் போடும். அன்றைக்குச் சுற்றி நின்ற பெண்கள் கழுத்தை நீட்டிக் கட்டத்தை எண்ணினார்கள். ஒரு கட்டம் தள்ளி இருந்தது மயிலம்மாளின் காய்.

6

இனி முடிவுகள். மூன்று எழுதினேன்.

'சார், அந்த நாலு தப்பு' என்கிறார் ஞானதாஸ். அது உண்மைதான். அப்போது மயிலம்மாள் வெட்டியதாக ஆகிவிடும். சாரதாமணி நாளைக்குக் கேட்டில் நிற்பாள்.

ஞானதாஸ் பேசாமல் இருக்கிறார், சாரதாமணி வெட்டுகிறாள். விட்டுக்கொடுத்த பாவத்துக்கு மயிலம்மாள் கேட்டில் நிற்பாள்.

ஞானதாஸ் எழுந்து கட்டையைப் பிடுங்கி வெளியே எறிகிறார். 'இந்த விதியே தப்பு சார், வெட்டாம உள்ள போகலாம்' என்று கத்துகிறார். பெண்கள் எல்லாரும்… இதை எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் வேலை ஒன்றுதான். அர்த்தநாரி நாளைக்கு வேறு கட்டை வாங்கி வரச் சொல்லுவார். கட்டம் பெயிண்டில் போட்டது. மில் மூடிய பிறகும் அது அழியவில்லை, நானே பார்த்தேன்.

மூன்றையும் கிழித்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது. ஞானதாஸ் மேல் கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. நல்லது செய்யத்தான் அந்தக் கட்டத்தைப் போட்டான் மனுஷன்.

சாரதாமணியின் விரல் காயின் மேல் இருக்கிறது. நாலைத் தப்பாக எண்ணலாம். ஒன்றை எப்படித் தப்பாக எண்ணுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆடு புள்ள" என்கிறார் அர்த்தநாரி.

அவள் ஞானதாஸைப் பார்க்கிறாள். ஞானதாஸ் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.