வெறும் குடுவை

ரெக்சன் கடலில் காணாமல் போன பிறகு, அவன் பாதியில் விட்ட ஆராய்ச்சி ஜெஸ்மியின் தலையில் விழுந்தது. இருவரும் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில், ஒரே பேராசிரியரிடம் வேதியியல் ஆராய்ச்சி செய்தவர்கள். ஈஸ்டர் விடுமுறையில் அண்ணனோடு சங்கு குளிக்கப் போனவன் முங்கினான், எழவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை.

அவன் கண்டுபிடித்தது சின்ன விஷயமல்ல. நீண்டு கிடக்கும் கரிம மூலக்கூறை வளைத்து வளையமாக்க, எல்லோரும் பலேடியம் என்ற விலை கூடிய உலோகத்தைத் தேடுவார்கள். அவனோ முத்துச்சிப்பி ஓட்டுப் பொடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களைப் படியவைத்து அதே வேலையை முடித்திருந்தான். கிடைக்கும் பொருள் இண்டோல். துளியளவில் மல்லிகைப்பூ போல மணக்கும்.

இதைப் பற்றி அவன் எழுதியிருந்த கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை செய்து பார்க்கச் சொன்னார் பேராசிரியர் சுந்தர்சிங். ஜெஸ்மி இரண்டு குடுவைகள் வைத்தாள். ஒன்றில் இரும்பு படிந்த ஓட்டுப்பொடி. ஒப்பிட்டுப் பார்க்க, மற்றதில் வெறும் ஓட்டுப்பொடி. சாயங்காலம் திறந்தபோது மல்லிகை வாசம் வெறும் குடுவையிலிருந்து வந்தது. இரும்பு போட்டதில் ஒன்றுமே நடக்கவில்லை.

குடுவை மாறிவிட்டதோ என்று ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். மாறவில்லை. முதுகுக்குப் பின்னால் ரெக்சன் நின்று, "ஏளா, வாசம் வந்துட்டா?" என்று கேட்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் திரும்பச் செய்தபோதும் வெறும் குடுவையில் அதே வாசம். கரைசலைக் கொட்டும்போதுதான், குடுவைக்குள் சுழன்று கலக்கும் காந்தத்துண்டு அவள் கண்ணில் பட்டது. முனை சிதைந்த அந்தத் துண்டு ரெக்சனுடையது. ராசியானது என்று இரும்புக் குடுவையில் அதைத்தான் எப்போதும் போடுவான். இவள் தெரியாமல் வெறும் குடுவையில் போட்டிருக்கிறாள். அதன் வெள்ளை மேலுறையில் மயிரிழைபோலக் கறுப்புக் கீறல்கள். முதல் வருடம் அவன் பலேடியத்தோடு வேலை செய்ததும் இதே துண்டை வைத்துத்தான். கீறலுக்குள் தங்கிய பலேடியத் துகள்கள்தாம் இத்தனை நாளும் வளையம் செய்திருக்கின்றன. இரும்பு எதுவும் செய்யவில்லை.

கீறலில் இருப்பதைக் கரைத்தெடுக்க, தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தில் துண்டைப் போட்டாள். அவனை இன்னொருமுறை மூழ்கடிப்பது போலிருந்தது. அதன்பின் எந்தக் குடுவையும் மணக்கவில்லை.

"கட்டுரைய நிறுத்திருவோம்மா. அவங்க வீட்டுல மட்டும் இப்பச் சொல்லாத," என்றார் சுந்தர்சிங்.

ஆனால் ரெக்சனின் அம்மா அமலோற்பவம் மகன் பெயர் அச்சில் வரும் என்று காத்திருந்தாள். ஜெஸ்மி திரேஸ்புரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயாவது வந்து இல்லன்னு சொன்னியே தாயி. கடலு அதக்கூடச் சொல்ல மாட்டேங்கு," என்றாள் அமலோற்பவம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவன் நின்னு வேல செஞ்ச எடத்தக் காட்டுதியா?"

மறுநாள் காலை ஜெஸ்மி அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். ரசாயனப் புகையை வெளியே இழுக்கும் கூண்டின் கண்ணாடிக்கு முன்னால் கொண்டு நிறுத்தினாள்.

"இங்கனயா?"

"ஆமாம்மா."

அமலோற்பவம் சற்று விலகி, பக்கத்தில் ஓராள் நிற்க இடம் விட்டு நின்றாள்.