ஆள் நடமாட்டமில்லாத இடம்

நல்ல மழை பிடித்தால் உப்பளம் பகுதியில் ஜோசப் ஆனந்த் வீட்டுக் குளியலறைக்குள் தெருச் சாக்கடை பொங்கி வரும். கழிவுநீர்த் திட்டத்தின் உதவிப் பொறியாளர் வீட்டுக்கே இந்தக் கதி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மனைவி மெரின் மட்டும் சிரித்ததில்லை. வாளியில் மொண்டு கொட்டுகிறவள் அவள்தான். வருஷக்கணக்காக ஒரே கேள்வி கேட்கிறாள்.

"உங்க பிளான்ட் எப்பங்க வரும்?"

இடம் கிடைத்தால் வரும். சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. தன் வீட்டுப் பக்கம் வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வடக்கே பார்த்த இடத்தில் மீனவர்கள் வலையை விரித்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேற்கே பார்த்த இடம் ஒரே வாரத்தில் மனைப்பிரிவாகிக் கலர்கலராகக் கொடி பறந்தது. ஜோசப்புக்கு ஊர் மேலேயே வெறுப்பு வந்தது.

கடைசியில் ஊருக்கு வெளியே, கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு புறம்போக்கு அகப்பட்டது. இடம் பார்க்க எப்போது போனாலும் ஈ காக்கை இல்லை. 'ஆள் நடமாட்டமில்லாத இடம்' என்று அறிக்கையில் ஆசையாக எழுதினார். வீட்டில் மூச்சு விடவில்லை. மெரினின் அம்மா அங்கேதான் அடக்கம். முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

"நவம்பர் ஒண்ணு நம்ம ஊரு விடுதலை நாள் லீவு. மறுநா காலையில இடம் பாத்து முடிவு பண்ண வர்ற சென்னைக் குழுவக் கூட்டிட்டுப் போயிடலாமா? இதுவும் தட்டிப்போச்சுன்னா திட்டம் காரைக்காலுக்குப் போயிடும்" என்றார் மேலதிகாரி ஜானகிராமன்.

"போயிடலாம் சார்."

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள் என்பது அவருக்கு நினைவிருந்தது. அது சாயங்காலச் சமாச்சாரம்தானே? வருஷா வருஷம் ஆபீஸ் விட்டு நேரே அங்கே போவார். மாமியார் கல்லறை பளிச்சென்று கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தியும் நட்டுத் தயாராக இருக்கும். சிலுவை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதையெல்லாம் யார், எந்த நேரத்தில் செய்தார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டாம் தேதி காலை ஜீப் போய் நின்றபோது தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. பாதி ஊர்ப் பெண்கள் வாளியும் துடைப்பமும் சுண்ணாம்புமாக நின்றார்கள். குழுத் தலைவர் அறிக்கையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஜோசப்பைப் பார்த்தார்.

"ஆள் நடமாட்டமே இல்லன்னு எழுதியிருக்கீங்களே சார்?"

அதற்குள் ஜீப் எதற்கு வந்திருக்கிறதென்று தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் வந்தவள் மெரின். ஜானகிராமனுக்குப் பின்னால் பதுங்கிய புருஷனை ஒரு நொடி பார்த்துவிட்டு, குழுத் தலைவரிடம் திரும்பினாள்.

"எங்கம்மா தலைமாட்டுல சாக்கடையக் கொண்டாந்து வுடுவீங்களா சார்? நான் வுடமாட்டேன்."

குழு வந்த வேகத்தில் ஜீப்பில் ஏறிக்கொண்டது. மத்தியானம் ஜானகிராமன் ஒரே சொல்லில் முடித்தார்.

"காரைக்கால்."

சாயங்காலம் மழை கொட்டியது. வீட்டுக்கு வந்தால் குளியலறையில் கணுக்கால் அளவு சாக்கடை. மெரின் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மொண்டுகொண்டிருந்தாள். ஜோசப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப சொல்லு. எங்கதான் கட்டுறது?"

மெரின் நிமிரவில்லை.

"கல்லறைக்கு நாங்க எப்ப போவோம்னு முன்னாடியே என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றவள், இன்னொரு வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.