எஞ்சினியர் மருமகன்

என் கணவர் ஐவின் நோர்வேக்காரர். ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேலில் பட்டறைக்கு ஒரு யூனிட்டை வாடகைக்கு எடுத்து இரும்படிக்கிறார். வாசல் கேற், படிக்கட்டுக் கைபிடி எல்லாம் செய்வார். நோர்வேயில், பேர்கன் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் விடுமுறைக்குப் போனபோது, அவர்களின் கேற்றைத் திருத்த வந்தவர். ஒரு மணித்தியால வேலைக்கு மூன்று நாள் வந்தார். பிறகு ரொறொன்ரோவுக்கே வந்துவிட்டார்.

கலியாணம் கட்டி இப்போது பன்னிரண்டு வருடம். மாலையில் கரியும் வியர்வையுமாக வந்து, குளித்துவிட்டு, மகள் மதுராவோடு இருந்து புட்டைக் குழைத்துச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடிந்ததும் சமைத்தவருக்கு நன்றி சொல்வது அவர்கள் ஊர் வழக்கம். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் குறை ஒன்றுமில்லை.

குறை என் அப்பா இராசதுரைக்குத்தான். வெள்ளைக்கார மருமகன் என்பதை ஒரு மாதத்தில் சீரணித்துவிட்டார். கொல்லர் என்பது தொண்டையில் சிக்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது தொழில் மட்டுமில்லை, சாதியும். நோர்வேயில் பிறந்தவருக்கு எங்கள் ஊர்ச் சாதி எப்படி ஒட்டும்? அப்பா தான் இருக்கும் டோர்செட் பார்க் முழுக்க "மருமகன் எஞ்சினியர்" என்று சொல்லி வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவையாவது அவர் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஏங்கினேன். ஐவினுக்கு இந்தக் கதையே தெரியாது. அப்பாவின் வேகத் தமிழ் அவருக்குப் பிடிபடாது.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து வோபர்னில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவருடைய முப்பது வருடக் கூட்டாளி அருள்நாயகம் அங்கிள் எங்கள் மேசைக்கு வந்தார்.

"தம்பி, பேஸ்மென்ற்றில ஒரு சுவர் இடிக்கவேணும். நீர் எஞ்சினியர்தானே, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தட்டில் இருந்த ரோல்ஸைப் பார்த்தார்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல ஐவினுக்கு வராது. "எனக்குச் சுவர் தெரியாது அங்கிள்," என்றார், நான் பழக்கிய தமிழில். "நான் கொல்லன்."

"பகிடி விடுறார்," என்றார் அப்பா அவசரமாக.

"நோ அம்மப்பா, ஹி இஸ் சீரியஸ்," என்றாள் மதுரா.

அங்கிள் கதிரையை இழுத்து இருந்தார். ஐவினின் கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கைவரை இருந்த தீப்பொறித் தழும்புகளைத் தடவிப் பார்த்தார்.

"என்னைப் பெத்த அப்புவின்ர கையும் உப்பிடித்தான் இருந்தது," என்றார். "அவரும் கொல்லர்."

அப்பா நிமிர்ந்தார். "முப்பது வருசம், அருள். எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"எப்பிடிச் சொல்லுறது, துரை? சொந்த மருமகனையே எஞ்சினியர் எண்டு சொல்லுற ஆள் நீ."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அப்பாவைச் சுட்டது. முகம் கறுத்துப் போனது. அவ்வளவு வருடமும் அவரோடு கறுவிக்கொண்டிருந்த எனக்கே பாவமாக இருந்தது.

கேக் வெட்டி முடிந்ததும், நன்றி சொல்லும்படி அப்பாவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் ஐவினைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இவர் என்ர மருமகன். கொல்லர். எஞ்சினியர் எண்டு நான்தான் பொய் சொன்னனான்."

மதுரா கைதட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை. அருள்நாயகம் அங்கிளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.