அடிவாரத்து வீரர்கள்

மலை சைக்கிள்காரர்களில் பாதிப் பேருக்குச் சைக்கிள் ஓட்டவே பிடிக்காது. இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன். சைக்கிளைக் கழுவப் பிடிக்கும், எடை போட்டுப் பார்க்கப் பிடிக்கும், படம் எடுத்துப் போடப் பிடிக்கும். போன வருஷம் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி இந்த வருஷம் பழைய இரும்புக்கடைக்குத்தான் லாயக்கு என்று கம்பெனிக்காரன் சொன்னால், அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளப் பிடிக்கும். அவன் நம் தலையில் மிளகாய் அரைக்கிறான், நாமும் வாகாகக் குனிந்து கொடுக்கிறோம்.

இந்தக் கச்சேரியை வருஷக்கணக்காக வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவள் என் மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வாரம் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பாள். நான் லிஃப்ட் மெக்கானிக். யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் ஓடவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்க முடிவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கும் நான் விடிந்ததும் மலைக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் பொங்கிவிட்டாள். "அப்படி என்னதான் இருக்கு அந்த மலையில? ஒரே ஒரு தடவை நானும் வரேன். பிடிச்சிருந்தா அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். பிடிக்கலைன்னா, இனிமே ஞாயித்துக்கிழமை நீ வீட்ல, பாப்பாகூட. சம்மதமா?"

சம்மதம் என்றேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும், அவளும் வேண்டும். மலையிலிருந்து அவள் சிரித்துக்கொண்டே இறங்குவதைப் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு. மச்சினன் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த பழைய மலை சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அவள் உயரத்துக்கு சீட்டை இறக்கினேன். பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அடிவாரத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்திலேயே என் கூட்டாளிகள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ஒருவருக்குக் 'காத்து' என்று பட்டப்பெயர். டயரில் காற்று அளக்கிற மீட்டரைக் கையிலிருந்து கீழே வைக்கமாட்டார். இன்னொருவர் பல் டாக்டர். வாரநாளில் பல்லைப் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை என் உயிரை வாங்குவார்.

"ஐயோ அண்ணி, இது இருபத்தாறு இஞ்ச் சக்கரம்! இந்த சைஸ் செத்து எவ்வளவோ காலமாச்சே!" என்றார் காத்து.

"சுத்துதே," என்றாள் மனைவி.

காத்து அதைக் காதில் வாங்காமல் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் டயரில் காற்றைப் பிடுங்குவதும் அடிப்பதுமாக இருந்தார். அதற்குள் பல் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவருடைய புது சைக்கிளில் கியர் மாற்றுவதற்குக் கம்பி கிடையாது, பேட்டரிதான். அந்தப் பேட்டரி வீட்டில் சார்ஜில் இருந்தது.

காத்து பெருந்தன்மையாகத் தன் சைக்கிள் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். அதே கம்பெனி, பார்வைக்கு அதே வடிவம், ஆனால் உட்காரமாட்டேன் என்றது. "உங்களோடது போன வருஷ ஸ்டாண்டர்ட். என்னோடது இந்த வருஷ ஸ்டாண்டர்ட்," என்றார் பல் டாக்டர், பெருமையாக வேறு.

"கிளம்பலாமா?" என்றாள் மனைவி.

கிளம்பியிருக்கவேண்டும். என் நாக்கில் சனி.

"ஒரு நிமிஷம்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினேன். "ஸ்டாண்டர்ட்னா என்னய்யா அர்த்தம்? எங்க லிஃப்டுல ஸ்டாண்டர்ட்னா, எந்தக் கட்டடத்துல போய் பட்டனை அமுக்கினாலும் கதவு ஒழுங்காத் திறக்கணும். வருஷத்துக்கு ஒண்ணு மாத்திட்டு அதுக்குப் பேரு ஸ்டாண்டர்டா?"

"டெக்னாலஜி வளரவேணாமா?"

"காலால மிதிக்கிற வண்டிக்கு பிளக் பாயின்ட் தேடறது வளர்ச்சியா? வெட்கமாயில்ல?"

"அதெல்லாம் விடுங்க," என்றார் காத்து. "விஷயமே டயர் காத்துலதான் இருக்கு."

அவரையும் விடவில்லை. போகிற வருகிறவர்களும் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டுக் கூடினார்கள். சக்கரத்தை ஏன் பெரிதாக்கினான், ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் ஏன் ஒரே கலர், எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நடுவில் இன்னொரு தடவை "கிளம்பலாமா?" என்று அவள் குரல் கேட்டது. "இதோ," என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

தொண்டை காய்ந்துபோய்த் தண்ணீருக்குத் திரும்பினால், அவளையும் காணோம், சைக்கிளையும் காணோம். வழி தெரியாது, பழக்கமும் கிடையாது, கல்லும் வேருமான பாதை. அடப்பாவி, அவளைத் தனியாக விட்டுவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறப்போனேன்.

அப்போதுதான் பாதைத் திருப்பத்தில் வந்தாள். புருவம்வரை சேறு, முழங்கையில் சிராய்ப்பு, வாயெல்லாம் பல். நான் பார்க்க ஆசைப்பட்ட அதே சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா போனே?"

"மேல. ரெண்டு தடவை. முதல் தடவை விழுந்துட்டேன், விட்டுடுவேனா? மறுபடி போனேன்."

"பிடிச்சிருக்கா?"

"அடேயப்பா! இறங்கும்போது கத்தணும்போல இருந்துது, கத்திட்டேன். இத்தனை வருஷமா வாய் ஓயாம பேசினியே, இப்படி இருக்கும்னு ஒருநாள் சொன்னியா? டயரைப் பத்தித்தானே சொன்னே?"

சுருக்கென்றது. ஆனாலும் பந்தயத்தில் ஜெயித்தது நான்தானே? "அப்போ ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை நான் வரேன். எல்லா ஞாயித்துக்கிழமையும். வாரம் பூரா நின்னு நின்னு கால் வீங்குது, எனக்கு இதுதான் மருந்து." ஹெல்மெட்டைக் கழற்றி மூச்சு வாங்கினாள். "பாப்பாவை யாராவது பாத்துக்கணுமே? உனக்குப் பேசறதுக்கு மலை எதுக்கு? இவங்களையும் வீட்டுக்கு வரச்சொல்லு. ஹால்ல ஃபேனைப் போட்டுக்கிட்டு, நிதானமா உக்காந்து பேசுங்க."

எனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று கூட்டாளிகளைப் பார்த்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை மணிக்கு வரட்டும், அண்ணி?" என்று கேட்டார் பல் டாக்டர்.