ஒரு ஸ்தாயி கீழே

இசைத்தாள் அச்சகத்தில் ஸ்வரம் அடிக்கும் கமா, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, ஒரு கோப்பின் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியிலிருந்து ஒரே ஒரு ஸ்வரத்தை அழித்தாள். ஆறு மணிக்குள் அவளுடைய அக்காவின் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்டது. மறுநாள் மதியத்துக்குள் ஊரில் பாதிப் பேரின் குரலும் அதே அளவு இறங்கிவிட்டது. அன்று லேசான தூறல் இருந்தது, பேருந்துகள் நேரத்துக்கு ஓடின, வேறு சேதம் ஒன்றும் இல்லை.

கமா என்பது அவள் பெயர் இல்லை, அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர். அந்த அச்சகத்தில் இசையை யாரும் கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக வரைவதில்லை. கடிதம் அடிப்பதுபோல எழுத்துகளாக அடிப்பார்கள், கணினி அதைப் படித்துத் தானே கோடும் புள்ளியுமாக வரைந்து கொடுக்கும். ச என்று அடித்தால் ச. ஆனால் எந்த ச? கீழே ஒன்று, நடுவே ஒன்று, மேலே ஒன்று என்று கிடக்கிறதே. அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் ஸ்வரத்துக்கு மட்டும் அது எந்த ஸ்தாயி என்று சொல்லிவிட வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு ஸ்வரமும் தனக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து, அதற்கு மிக அருகில் எந்த இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். தூரமாகத் தாவ வேண்டுமென்றால் மேலே போக ஒரு மேற்கோள் குறி, கீழே வர ஒரு கமா. வேலை பாதியாகக் குறையும், கையும் வலிக்காது. ஆபத்து ஒன்றுதான். நடுவில் ஒரு ஸ்வரத்தை அதன் குறியோடு சேர்த்து அழித்துவிட்டால், பின்னால் வருவதெல்லாம் யாரைப் பார்த்து நின்றதோ அவரே இல்லாமல் போய், மொத்தமாக ஒரு ஸ்தாயி சரிந்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தவறு இது. முதல் நாளே அதை அவர்களுக்கு எச்சரித்துச் சொல்கிறவள் கமாதான். இருபத்தெட்டு வருடமாக அவள் அந்தத் தவறைச் செய்ததில்லை.

அக்கா ஊர் அரங்கத்தின் முதல் பாடகி. தாளில் என்ன இருக்கிறதோ அதை இம்மி பிசகாமல் பாடுகிறவள் என்று பெயர் வாங்கியவள். அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு, குறையாகச் சொன்னவர்களும் உண்டு. சின்ன வயதில் ஆறு கட்டை சுருதியில் பாடினாள். நாற்பத்து நாலாவது வயதில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “கொஞ்சம் இறக்கிக் குடுடி” என்றாள். “சரிக்கா” என்றாள் கமா. நாற்பத்தேழு பாட்டுக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, முழுப் பாட்டையும் சுருதி மாற்றும் கட்டளை ஒன்றுக்குள் போட்டு, அரைக் கட்டை இறக்கிக் கொடுத்தாள். மூன்று வருடம் கழித்து மறுபடி கேட்டாள். பழைய கட்டளையை எடுக்காமல் அதன் மேல் இன்னொன்று. இன்னும் நாலு வருடத்தில் மூன்றாவது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியதுபோல அந்தக் கோப்புகள் கனத்துக் கிடந்தன. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் யாரும் படிக்க முடியாத கோணல் ஸ்வரப் பெயர்கள் சில முளைக்கும், அதையெல்லாம் கையால் நேராக்க வேண்டும். வேலை நேரத்தில் இதற்கு இடம் இல்லை என்பதால் சாப்பாட்டு நேரத்தில் செய்தாள். இப்படியாக அக்கா நாலரைக் கட்டைக்கு வந்து சேர்ந்தாள், கமாவுக்குக் கழுத்தில் ஒரு பிடிப்பு நிரந்தரமாக வந்து சேர்ந்தது.

இருவரும் பூட்டுக் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் சேர்ந்து இருந்தார்கள். அக்காவின் கணவர் கப்பல் வேலைக்குப் போனவர், போனவர்தான். கமாவுக்குக் கல்யாணம் என்ற பேச்சு இரண்டொரு தடவை எழுந்து, அக்காவின் கச்சேரி தேதிகளுக்கு நடுவில் எங்கேயோ தொலைந்துவிட்டது. வீட்டில் பேச்சை ஆரம்பிப்பவள் அக்கா. கமா பதில் சொல்வாள். “ம்.” “சரிக்கா.” “ஆகட்டும்.” இருபத்தெட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்ததில் முக்கால்வாசி இந்த மூன்றுதான். கேட்டால் ஒத்துக்கொள்வாள், அதையும் “ம்” என்றுதான் சொல்வாள்.

அந்த வருடம் அரங்கத்துக்குப் புது மேலாளர் வந்தார். பதினாலாம் தேதி நாலு மணிக்கு எல்லாப் பாடகர்களையும் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கேட்கப் போவதாகவும், முக்கியப் பாட்டின் உச்ச ஸ்வரத்தைத் தொட முடியாதவர்களுக்கு இனி பின்வரிசைதான் என்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அக்காவுக்கு நாலரைக் கட்டையிலும் அந்த ஸ்வரம் வரவில்லை. எட்டும் தூரத்தில் நின்று தொண்டை நடுங்கும், அவ்வளவுதான். இன்னும் இறக்கினால் கீழ்ப் பக்கத்து ஸ்வரங்கள் முன் நாற்காலிக்குக்கூடக் கேட்காது. பின்வரிசைக்குப் போவதைவிட ஊரை விட்டே போகலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, அன்றைய ஆறாவது திருத்தத்தை முடித்துக் கண் எரிந்துகொண்டிருந்த கமா, உச்ச ஸ்வரத்தையே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஒரு ஸ்வரம் குறைந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அழித்தாள். அதன் மேற்கோள் குறியும் கூடவே போனது. அடுத்த ஸ்வரத்தைப் பார்க்கவில்லை. தாளை அச்சடித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அக்கா தாளைப் பிரித்துப் பாடினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியின் இடம் வந்ததும் அவள் குரல் படியிறங்கிக் கீழே போனது, பாட்டு முடிந்தும் மேலே வரவில்லை. “என்னடி இது?” என்று கேட்டபோது, பக்கத்து அறையில் யாரோ அலமாரியை நகர்த்துகிறார்கள் என்றுதான் கமா முதலில் நினைத்தாள். “என்னக்கா?” என்று கேட்டாள். அவளுக்கும் அதே குரல். முன்னால் நின்றவளைப் பார்த்து அருகில் போய் உட்கார்ந்த குரல்.

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. அக்காவுக்குப் பதில் சொன்ன பால்காரர் இறங்கினார். பால்காரருக்குப் பதில் சொன்ன நாற்பது வீடுகளும் இறங்கின. பேருந்து நடத்துநர் ஒருவர் வழியாக மூன்று தடங்கள் முழுவதும் போயின. பெண்கள் பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் சத்தம் லாரி ஷெட்டைத் திறந்ததுபோல் இருந்தது. மருந்துக் கடைகளில் இருமல் மருந்து தீர்ந்தது. தொட்டில் குழந்தைகள் கட்டைக் குரலில் அழுதன, தாய்மார்கள் அதைவிடக் கட்டையில் தாலாட்டினார்கள், பிள்ளைகள் முன்னைவிடச் சீக்கிரம் தூங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தொலைபேசி வழியாக நோய் பக்கத்து ஊருக்கும் போனதால் அங்கே இருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்களின் அழைப்பை எடுப்பதை நிறுத்தினார்கள். தப்பியவர்கள் இரண்டே பேர். பூட்டுக் கடைக்காரரும் அவர் மனைவியும். பதினொரு வருடமாக ஒருவருக்கொருவர் பேசாத அந்தத் தம்பதி, அந்தக் கோபத்தில் மற்ற யாருக்கும் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. என்ன கேட்டாலும் கையால்தான் காட்டுவார்கள்.

சனிக்கிழமை காலையிலேயே கமா அச்சகத்துக்குப் போய், அடுத்த ஸ்வரத்தின் தலையில் ஒரு மேற்கோள் குறியைப் போட்டு, புதுத் தாள் எடுத்து வந்தாள். தாள் சரியாக இருந்தது, குரல் அப்படியே இருந்தது. திரும்பிப் போய்த் தலைமை அச்சாளரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவரும் அவளுக்குப் பதில் சொன்ன வகையில் இறங்கியிருந்தார்.

“தாள்ல இருக்கிறதைத் திருத்தலாம்மா. வாயிலேர்ந்து போனதை எங்க போய்த் திருத்துறது?”

“ராத்திரி தூங்கி எழுந்தா சரியாகும்னு நினைச்சேன் சார்.”

“நடுவுல மௌனம் வந்தா கணக்கு அறுந்துடுமா? நீயே எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்க. எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும், அடுத்த ஸ்வரம் பழசைப் பார்த்துத்தான் நிக்கும். புதுசா ஆரம்பிக்கணும். யாரையும் பார்க்காம, தானா ஒரு இடத்துல நிக்கிற முதல் ஸ்வரம் வேணும்.”

அதாவது, யாருக்கும் பதிலாக இல்லாத ஒரு பேச்சு. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஊர் முழுக்கத் தேடியும் அப்படி ஒன்று அகப்படவில்லை. நகராட்சி உறுப்பினர் மேடை போட்டு ஒரு மணி நேரம் பேசினார். அது எதிர்க்கட்சிக்காரருக்குப் பதில். ஒருவன் ஒருத்தியிடம் முதல்முறையாகக் காதலைச் சொன்னான். அவள் போன மாதம் பார்த்த பார்வைக்குப் பதில். பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே திட்டிக்கொண்டு திரிகிறவரைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். எப்போதோ இறந்துபோன அண்ணனுக்கு அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கலைந்து போனார்கள். கமாவும் வீட்டில் முயன்றாள். “மழை வர்ற மாதிரி இருக்குக்கா” என்றாள். முந்தின நாள் துணி காயவில்லை என்று அக்கா சொன்னதற்கு அது பதிலாகப் போய்விட்டது. “சாப்பிடலாமாக்கா?” அது வருடக்கணக்காக அக்கா சொல்லிவந்த பசிக்குப் பதில். என்ன சொன்னாலும் அடியில் அக்கா இருந்தாள்.

பதினாலாம் தேதி காலை பதினொரு மணிக்கு அக்கா மேடை உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் குரலோடு போய் என்ன செய்யப் போகிறாள் என்று யாருக்கும் தெரியாது. போகாமல் இருக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. “அந்தத் தாளை எடுத்து வை” என்றாள் அலமாரிக் குரலில். கமா தாளை எடுத்தாள். இன்னொரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள், காற்றைப் பற்றியோ எதைப் பற்றியோ. கதவு நிலையில் சாய்ந்தாள். கழுத்து வலித்தது. தயார் செய்ததை மறந்துவிட்டாள்.

“அக்கா, எனக்கு அலுத்துப்போச்சு” என்றாள்.

அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை, அச்சகத்திலும் கேட்டதில்லை, கல்யாணம் பேச வந்தவர்களும் கேட்டதில்லை. அதனால் அது யாருக்கும் பதிலாக இல்லாமல், நாலு கட்டையில், கொஞ்சம் கரகரப்பாக, தானாக ஓர் இடத்தில் போய் நின்றது. இதுதான் தன் குரல் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எதையும் முதலில் பேசித்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கம் இல்லாததால் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எனக்குந்தான்டி” என்றாள்.

கமாவின் குரலைப் பார்த்து அருகில் வந்து உட்கார்ந்த குரல் அது. அலமாரிக் குரலும் இல்லை, அரங்கத்தில் கேட்கும் குரலும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் சாதாரணக் குரல்.

“உனக்குமா?”

“பத்து வருஷமா. நீ ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறக்கிக் குடுத்தியே. உனக்கு நான் பாடணும்னு ஆசை போலிருக்கு, அதைக் கெடுப்பானேன்னு நினைச்சேன்.”

“நீ கேட்டியேன்னு நான் செஞ்சேன்.”

“இனிமே பாட முடியாதுன்னு சொல்ல வாய் வரல. இறக்கிக் குடுன்னுதான் வந்துச்சு.”

கமா அழுதாள். அக்காவும் அழுதாள், ஆனால் உடுப்பு நனைந்துவிடக் கூடாது என்று தள்ளி நின்று அழுதாள். பிறகு அது நனைந்தால் இனி என்ன என்று தோன்றியதும் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அரங்கத்துக்கு ஃபோன் போட்டு, வரவில்லை, முன்வரிசைக்கும் இல்லை, பின்வரிசைக்கும் இல்லை என்று சொன்னாள். அங்கே ஃபோனை எடுத்த எழுத்தர் “சரிங்கம்மா” என்றபோது அவர் குரல் மேலே ஏறியிருந்தது. அவர் மேலாளரிடம் சொன்னார், மேலாளர் பாடகர்களிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது பேருந்துத் தடங்களுக்கும் பள்ளிக்கும் தொட்டில்களுக்கும் போய்ச் சேர்ந்து, ஊர் மொத்தமும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி ஏறியது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. பழையதைவிட அரைக் கட்டை கீழே, கமாவின் சுருதியில் நின்றது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்பதுண்டு. இல்லை, எங்களுக்கு இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்கள். அரங்கத்துப் பியானோவின் சுருதியை அரைக் கட்டை இறக்க ஆள் வந்தார், இறக்கினார், அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

அன்று நாலு மணிக்கு அரங்கத்தில் ஒவ்வொருவராகப் பாடிக்கொண்டிருந்தபோது, அக்காவும் தங்கையும் ஜன்னலைச் சாத்தி, விசிறியைப் போட்டுவிட்டு, தரையில் ஒரே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணி வரை எழுந்திருக்கவில்லை.